விஜயதாஸ் போட்ட எர்த்

ஷாலு வாங்கிய மின்சாரக் கார் மூன்று நாளாக முற்றத்தில் நின்றது. சார்ஜ்தான் ஏறவில்லை. காருடன் வந்த சார்ஜரைப் போர்டிகோ பிளக்கில் செருகினால் சிவப்பு வெளிச்சம் எரியும், அவ்வளவுதான். அவள் காரக்கோணத்தில் ஒரு லேபில் வேலை பார்ப்பவள். ஆரியங்கோட்டிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் அலுத்துத்தான் காரை வாங்கினாள். வாங்கிய பிறகும் பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தாள்.

“சார்ஜர் கேடாக்கும்,” என்றார் அவள் அப்பா விஜயதாஸ். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்பது அவர் எண்ணம். முப்பத்தைந்து வருடம் வயரிங் வேலை பார்த்தவர். முட்டுவலி வந்து ஏணி ஏற முடியாமல் போன பிறகுதான் விட்டார். சொந்த வீட்டில் ஒவ்வொரு வயரையும் அவரே இழுத்திருந்தார்.

நாலாம் நாள் காலையில், கார் விற்றவர்கள் அனுப்பிய அஷ்வதி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். அதியன்னூர்க்காரி, இருபத்தைந்து வயதிருக்கும். பையிலிருந்து மீட்டரை எடுத்து, அதன் குச்சிகளைப் பிளக்கின் துளைகளில் வைத்துப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

“மாமா, சார்ஜருக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுல எர்த் இல்லியாக்கும்.”

விஜயதாஸ் சிரித்தார். “மோளே, இந்த வீட்டுக்கு எர்த் போட்டது நானாக்கும். ஆளுயரத்துக்குக் குழி வெட்டி, கரியும் உப்பும் நிறச்சு பைப்பு இறக்கியிருக்கு.”

“போட்டிருப்பிய, மாமா. இப்ப இல்ல.”

அவள் சொன்ன விதத்தில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதனால் கோபப்படவும் அவருக்கு வழியில்லை.

கதவோரம் நின்ற அவர் மனைவி ஓமனக்குட்டி அஷ்வதியிடம் கேட்டாள்: “எர்த் இல்லேங்கில் என்ன ஆவும், மக்களே?”

“மெஷினுல கறண்டு கசிஞ்சா மண்ணுக்குப் போகாது, மாமி. தொடுற ஆளு வழியாப் போகும்.”

ஓமனக்குட்டி புருஷன் பக்கம் பார்க்கவில்லை. “வாஷிங் மெஷினத் தொட்டா சுள்ளுன்னு அடிக்கும். ரெண்டு வருஷமா உண்டு.”

அஷ்வதி நிமிர்ந்தாள். “ஆருகிட்டயும் சொல்லல்லியா?”

“சொன்னேன்.”

சொன்னாள்தான். ஈரக்கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும், செருப்புப் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பியவர் விஜயதாஸ். ஒரு தடவை அல்ல. பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். மெஷின் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மண்வெட்டியோடு வீட்டின் பின்பக்கம் போனார். இரண்டடி தோண்டியதும் பழைய கம்பி தெரிந்தது. பிடித்து இழுத்தார். சும்மா கையோடு வந்தது. பைப்பின் தலை துருவேறி, தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது.

குழியோரமே உட்கார்ந்துவிட்டார். காலையில் எழுந்ததும் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று மெஷினில் துணி போடுகிறவளை அவர் எத்தனை நாள் பார்த்திருக்கிறார்.

ஓமனக்குட்டி பாலில்லாத கட்டன்சாயா கொண்டுவந்து நீட்டினாள்.

“நீ சொன்னப்ப நான் வந்து பாத்திருக்கணும்,” என்றார்.

“ஆமா,” என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, “குடிச்சிட்டு வேலையப் பாருங்க,” என்றாள்.

இரண்டு நாள் வேலை. புதுக்குழி வெட்டி, செம்புக்கம்பி இறக்கினார்கள். கறண்டு கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச் ஒன்று போர்டில் ஏறியது. காருக்கென்று கனமான தனி வயர் இழுத்தார்கள். ஏணியில் அஷ்வதி நின்றாள், விஜயதாஸ் கீழே நின்று வயரை எடுத்துக் கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் சார்ஜரில் பச்சை எரிந்தது. திங்கள்கிழமை ஷாலு காரிலேயே வேலைக்குப் போனாள்.

விஜயதாஸுக்குத்தான் மனம் ஆறவில்லை. தன் வீட்டுக்கு இறக்கிய அதே வகைப் பைப்பைத்தான் அந்தக் காலத்தில் பல வீடுகளுக்கும் இறக்கியிருந்தார். செவ்வாய்க்கிழமை நெய்யாற்றின்கரைக்குப் போய் ஒரு மீட்டர் வாங்கி வந்தார். மறுநாள் காலையில் நாலு வீடு தள்ளியிருக்கும் சத்தியதாஸ் வீட்டுக்குப் போனார். சத்தியதாஸ் அப்போதுதான் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்திருந்தான்.

“இங்க கறண்டுக்கு ஒரு கொழப்பமும் இல்லியே, அண்ணா.”

“எனக்க வீட்டுலயும் இல்லேன்னுதான் நெனச்சேன். எர்த் செத்துக் கெடந்தது. ஒனக்க வீட்டுக்கும் போட்டது நானாக்கும். ஒண்ணு பாத்துக்கிடுதேன்.”

“வேற ஆரும் இப்பிடி வீடு தேடி வந்து சொல்லமாட்டாவ,” என்றான் சத்தியதாஸ். “பாருங்க. போர்டு அந்தப் பக்கமாக்கும்.”

விஜயதாஸ் போர்டு பக்கம் போகவில்லை. “முதல்ல பின்சியக் கூப்பிடு. மெஷினெல்லாம் தொடுறது அவளாக்கும்.”

சத்தியதாஸின் மனைவி பின்சி கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். எதைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்று அவர் கேட்டதும் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஃபிரிட்ஜில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.