தேரை மறித்த கணக்கு

அன்றைக்குத் தேர். எங்கள் ஊர்த் தேரின் முடி மின்கம்பியில் முட்டும் என்பதால், ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வடம் பிடிப்பார்கள். தேர் இருப்புக்குத் திரும்பி மறுபடி மின்சாரம் வர மத்தியானம் தாண்டும். இது தெரிந்தும் ஏழரைக்குத்தான் கணக்கை ஓடவிட்டேன். என் மடிக்கணினியின் பற்றரி செத்து ஒரு வருடம்.

எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்தே கணக்குப் போடுகிற மென்பொருள் அது. அட்டவணையின் நாற்பது வரிசைக்கு ஒரு சுற்று, ஒவ்வொரு வரிசையின் கட்டங்களுக்கும் உள்ளே இன்னொரு சுற்று. பன்னிரண்டு மணிக்குள் அட்டவணையை அனுப்பாவிட்டால் பல்கலைக்கழகத்தில் என் முதுமாணிப் பட்டப் பதிவு ரத்து. முதல் பத்து வரிசை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அப்படியென்றால் நாற்பதுக்கு இருபது நிமிடம் என்று குளிக்கப் போனேன்.

எட்டு மணிக்கு வந்து பார்த்தால் இருபத்திரண்டாம் வரிசையில் நிற்கிறது. முதல் வரிசைக்கு ஒரு கட்டம், நாற்பதாவதுக்கு நாற்பது கட்டம். அப்படி எழுதியதே நான்தான். கணிதம் படித்த கழுதை.

ஒன்பதுக்கு அப்பா வந்தார். கோயில் செயலாளர் கனகலிங்கம். அவர் பொறுப்பில் பதினெட்டு வருடமாகத் தேர் ஒரு நிமிடம் பிந்தியதில்லை.

"கஜந்தினி, கரண்டை நிப்பாட்டப் போறாங்கள். முடிஞ்சுதோ?"

"இல்லையப்பா. இன்னும் நாலு வரிசை கிடக்கு."

"உது முடியாட்டி?"

"என்ரை படிப்புப் போச்சு."

அவர் வாசலில் நின்றபடியே கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, நான் போய்க் கதைக்கிறன்."

ஊர் முழுக்க வெயிலில் காத்திருந்தது. சாவகச்சேரியிலிருந்து வந்த மின்சாரக்காரர் எங்கள் வேலிப் படலையில் சாய்ந்து நின்று சோடா குடித்தார். வேலிக்கு மேலால் கமலாவதி மாமி எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, சுவாமியையும் வெயிலிலை நிக்க வைச்சிட்டாய்?"

எனக்கு மேசையைத் தூக்கி அவவின் தலையில் போடலாம் போலிருந்தது.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ஒன்பது முப்பத்தைந்துக்கு நாற்பது. அதன் கீழே, முடிந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்.

வேறு எதுவும் இல்லை.

மேலே தேடினேன், கீழே தேடினேன். வரிசை எண்ணை மட்டும் திரையில் காட்டச் சொல்லியிருக்கிறேன். விடைகளை எங்கும் சேர்த்து வைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு விடையையும் ஒரே பெயரில் போட்டு, அடுத்ததால் அதை அழித்துக்கொண்டே போயிருக்கிறேன். எண்ணூற்றிருபது கட்டத்தின் விடைகளில் மிஞ்சியது கடைசி ஒன்று.

அப்பா திரும்பவும் வாசலில் நின்றார். வேட்டி வியர்வையில் ஒட்டியிருந்தது. இந்த அரை மணித்தியாலத்தில் எத்தனை பேரிடம் பேச்சு வாங்கினாரோ.

"முடிஞ்சுதோ பிள்ளை?"

"ஓம் அப்பா. முடிஞ்சுது."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் திரையைப் பார்த்தேன். அவர் படலைப் பக்கம் கையைக் காட்டிவிட்டுக் கோயிலுக்கு போன் போட்டார். மின்விசிறி நின்றது, திரை அணைந்தது. கோயிலில் ஜெனரேற்றரில் ஓடிய ஒலிபெருக்கி கரகரத்தது.

"செயலாளர் மகளின்ரை கணக்கு நல்லபடியா முடிஞ்சுது. அடியார்கள் வடம் பிடியுங்கோ."

ஊரே அரோகரா சொன்னது.