தொட்டால் ஐந்து

பைக்கின் பின்சக்கர வால்வைப் பூமாரி நகத்தால் அழுத்தியதும் காற்று சீறிக்கொண்டு வெளியேறியது. ஏலக்காய் பறித்துப் பறித்துக் கறையேறிய நகம். வாரம் முழுக்கத் தோட்டத்துக்குச் சொந்தமான அந்தக் கை, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் வண்டிக்குச் சொந்தம்.

"போதுமாண்ணே?"

தோட்டக் குடியிருப்பான லயத்து வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த நவீன்குமார் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தான். "கட்டவெரல வச்சு அமுக்கு. பழுத்த கொய்யா கணக்கா உள்ள போகணும்."

அமுக்கினாள். போகவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டாள். ரோட்டில் போகிறவன் எவனாவது பார்த்தால் பஞ்சர் என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போவான். பாறை ஏறுகிற வண்டிக்கு டயர் அப்படித் தொளதொளவென்று இருந்தால்தான் கல்லைக் கவ்வும். பிரேக் பிடியையும் கிளட்ச் பிடியையும் இறுக்கி முறுக்கக் கூடாது, விழும்போது அவை சுழன்று கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒடிந்துவிடும். இதையெல்லாம் அவள் இந்த ஒரு வருஷத்தில்தான் கற்றுக்கொண்டாள். அதற்கு முன்னால் அண்ணன் கையைத் தவிர வேறு கை அந்த வண்டியின் ஸ்பேனரைத் தொட்டதில்லை.

அந்த வண்டிக்கு சீட் கிடையாது. நின்றுகொண்டே ஓட்டுகிற வண்டி. எங்கோ வெளிநாட்டில் செய்து, பல கை மாறி, கட்டப்பனையில் பினுவின் பட்டறை மூலையில் இன்ஜின் இறுகிக் கேட்பாரற்றுக் கிடந்தது. அங்கே மெக்கானிக்காக இருந்த நவீன் அதைப் பிரித்துப் போட்டு, மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து, உயிர் கொடுத்துவிட்டான். "எடுத்துக்கோடா, உன்டெ வண்டி" என்று பினுவும் பெரிய மனசு பண்ணினான். வீட்டுக்கு ஓட்டி வந்த அன்றைக்கே அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "உக்கார எடமில்லாத வண்டிய எந்தக் கிறுக்கன் செஞ்சான்?" என்று கேட்டாள். லயமே சிரித்தது.

இப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே நடக்கிற பாறையேறும் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, ஓடை, மரவேர் என்று ஆகாத இடமாகப் பார்த்து இரண்டு பக்கமும் ரிப்பன் கட்டிவிடுவார்கள். அதற்குள் காலை ஊன்றாமல் போய் வர வேண்டும். ஒருமுறை கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி. விழுந்தால் ஐந்து. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவன் ஜெயித்தவன். உயரமான பாறைகளில் ஓட்டுகிறவனுக்குத் துணையாகக் கூட ஒரு ஆள் நிற்கலாம். வண்டி கவிழ்ந்தால் தாங்கிப் பிடிக்கத்தான் அந்த ஆள். ஆனால் அந்த ஆளின் விரல் பட்டாலும் ஐந்துதான். ஆக, நிற்க வேண்டும், கையை நீட்டிக்கொண்டே நிற்க வேண்டும், தொடக் கூடாது. இப்படி ஒரு வேலையை எவன் கண்டுபிடித்தானோ, பூமாரிக்கு அது வாய்த்தது.

நவீன்தான் அவளைக் கூப்பிட்டான். ஏலச்செடியின் தூரில் குனிந்து, பார்க்காமலே தடவிப் பழுத்த காயை மட்டும் எடுக்கிற கை அவளுடையது. "எங்க மாரி கைக்கு முன்னாடி கண்ணெல்லாம் பின்னாடிதான்" என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வான். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. பாறை உச்சியில் முன்சக்கரத்தைத் தூக்கி, அப்படியே அந்தரத்தில் ஒரு மூச்சு நிற்பான். பார்க்கிறவர்களுக்குப் பின்னால் சாய்கிறான் என்றே தோன்றும். அலறுவார்கள். அவன் சாவகாசமாக ஒரு துள்ளு துள்ளி அந்தப் பக்கம் இறங்குவான். பழக ஆரம்பித்த புதிதில் ஒருமுறை பூமாரி பயந்துபோய் வண்டியைப் பிடித்துவிட்டாள். வந்ததே கோபம் அவனுக்கு. "விழல புள்ள, நின்னுக்கிட்டு இருந்தேன். நான் சத்தம் குடுக்காம வண்டியில கை வச்ச, தெரியும் சேதி!" சொன்னதோடு விடவில்லை. இரண்டு நாள் அவளிடம் பேசாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தான்.

போன வருஷம் கம்பம்மெட்டுப் பக்கம் பழைய கல்குவாரியில் நடந்த போட்டியில், யானைக்கல் என்று எல்லோரும் சொல்கிற பாறையின் உச்சியில் அவன் அப்படித்தான் நின்றான். பூமாரி கீழே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். சத்தம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. வண்டியோடு பின்பக்கமாக வந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே அன்றைக்குப் போனதுதான்.

அதற்குப் பிறகு அவன் அவளை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. அதுதான் அவளைத் தின்றது. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள், 'நீதானண்ணே தொடாதன்ன' என்று எதிர்த்துக் கேட்டிருப்பாள். அந்தப் பதிலை நெஞ்சுக்குள் எத்தனை முறை சொல்லிப் பார்த்திருப்பாள் என்று கணக்கில்லை. கேள்விதான் வரவில்லை. அவன் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான், வைத்த சோற்றில் பாதியை அளைந்துவிட்டுத் தள்ளினான்.

பினுவின் அக்கா மகன் ஜோஜோ வந்த பிறகுதான் வீட்டில் கொஞ்சம் வெளிச்சம். பத்தாவது படிக்கிற பயல், காற்றடித்தால் பறந்துவிடுகிற மாதிரி உடம்பு. தயங்கித் தயங்கி வண்டியைக் கேட்டான். "எடுத்துக்க, சும்மா நின்னா கெட்டுத்தான் போகும்" என்றான் நவீன். லயத்துக்குப் பின்னால் இருக்கிற பாறையில் பயல் பழக, இவன் நாற்காலியில் இருந்துகொண்டு தொண்டை வறளக் கத்தினான். அந்தரத்தில் நிற்கிற வித்தையையும் சொல்லிக் கொடுத்தான். ராத்திரி இரண்டாவது தடவை சோறு கேட்டான். அம்மா அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த வருஷமும் அதே குவாரியில்தான் போட்டி. சின்னப் பையன்கள் பிரிவில் ஜெயிக்கிறவனுக்குப் புனேயில் நடக்கிற பெரிய போட்டியில் இடம். ஜோஜோவுக்குக் கூட நிற்க ஆள் வேண்டும் என்று பினு பேச்செடுத்தபோது, நவீன் யோசிக்கவே இல்லை. "மாரி நிப்பா" என்றான்.

அந்த இரண்டு வார்த்தையை அவள் ஒரு வாரமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்தாள். நம்பாதவன் சொல்வானா? மனசில் குறை வைத்திருக்கிறவன் வாயில் அது வருமா? வண்டி ஒரே ஒருமுறை அந்த யானைக்கல்லில் ஏறி அந்தப் பக்கம் நல்லபடியாக இறங்கிவிட்டால் போதும், தங்களுக்கு நடுவில் கிடக்கிற அந்த நாளும் இறங்கிவிடும் என்று நம்பினாள். கோப்பை யாருக்கு வேண்டும்? அவளுக்கு அண்ணன் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பினுவின் ஜீப்பைக் குவாரிக்குள்ளேயே இறக்கி, யானைக்கல்லுக்கு எதிரே ரிப்பனை ஒட்டி நிறுத்தினார்கள். முன்சீட்டில் நவீன். பழைய கூட்டாளிகள் வந்து தோளைத் தட்டிவிட்டு, அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நழுவினார்கள். கீழே கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வந்த காற்று ரிப்பன்களைப் படபடவென்று அடித்தது. ஜோஜோ அன்றைக்கு வேறு பயலாக இருந்தான். ஓடையில் கால் ஊன்றவில்லை, வேரில் ஊன்றவில்லை, சரளைக் கற்களில் மட்டும் ஒருமுறை ஊன்றினான். அவனுக்கு அடுத்த இடத்தில் இருந்த கோயமுத்தூர்ப் பையன் எல்லாவற்றையும் முடித்துவிட்டான், நாலு புள்ளி. ஜோஜோவுக்கு மிச்சமிருந்தது யானைக்கல். இரண்டு தடவை கால் ஊன்றினாலும் இடம் இவனுக்குத்தான்.

"சேச்சி, ரெடியா?" என்றான் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

"நீ ஏறுடா."

அவள் போய் நின்ற இடம் போன வருஷம் நின்ற அதே இடம். வேறு இடத்தில் நிற்க அங்கே வழியும் இல்லை. கையை நீட்டினாள். திரும்பி ஜீப்பைப் பார்த்தாள். நவீன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான், அவன் முகத்தில் சிரிப்பு இருந்தது. ஒரு வருஷம் கழித்து அவன் அவளைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான்.

ஜோஜோ வந்தான். கீழ்ப்படியில் பின்சக்கரம் கவ்வியது, நடுவில் ஒரு சறுக்கு, சுதாரித்துக்கொண்டான். உச்சிக்குப் போய் முன்சக்கரத்தைத் தூக்கினான். தூக்கி, அப்படியே நின்றான். கூட்டம் அலறியது. பூமாரிக்குத் தெரியும், நிற்கிறான் என்று. இடுப்பு முன்னால் இருந்தது, முழங்கால் மடங்கித் துள்ளத் தயாராக இருந்தது, விரல் கிளட்ச்சில் இருந்தது. அண்ணன் நிற்கிற மாதிரியே நின்றான். எல்லாம் தெரிந்தது. அதற்குள் அவள் கை போய்விட்டது. பின் மட்கார்டின் அடியில் உள்ளங்கை பதிந்து, வண்டியைத் தாங்கிக்கொண்டு நின்றது.

சீட்டி ஊதினார்கள். பாறைக்கு மேலே நின்ற நடுவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

ஜோஜோ வண்டியை உருட்டிக்கொண்டு இறங்கினான். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகம் கோணிக்கொண்டு வந்தது. "எதுக்கு சேச்சி பிடிச்சீங்க? நான் விழலையே... நின்னதாக்கும். நவீன் சேட்டன் சொன்ன மாதிரியே நின்னதாக்கும்." அவ்வளவுதான் அவனால் முடிந்தது. சின்னப் பயல்தானே, பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதான். பினு ஓடி வந்தான். "சாரமில்ல மோளே, போகட்டும். நீ பிடிச்சில்லன்னா அவன் மல்லாந்து விழுந்திருப்பான். நல்ல காரியமாணு செய்தது." அவளைத் தேற்றச் சொன்னானா, நிஜமாகவே அப்படி நினைத்தானா, தெரியவில்லை. விழுந்திருப்பானா நின்றிருப்பானா என்பது இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. கோயமுத்தூர்ப் பையனை அவன் கூட்டாளிகள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவள் ஜீப்பை நோக்கி நடந்தாள். என்ன சொல்வான்? திட்டட்டும். பயலின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாய் என்று நாலு பேர் பார்க்கத் திட்டட்டும். வாங்கிக்கொள்ளலாம். நவீன் திட்டவில்லை. டீ கிளாஸை மடியில் வைத்துக்கொண்டு, சூடு ஆறிப்போன அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றது தெரிந்தும் நிமிரவில்லை. பிறகு, சண்டைக்குரல் இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொன்னான்.

"அவனுக்குன்னா கை போகுதுல்ல."

காற்று ரிப்பனை அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு வருஷமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பதில் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. நீதானண்ணே. நீதான தொடாதன்ன. சொல்லலாம், நியாயம் அவள் பக்கம்தான், கேட்கிற எவனும் தலையாட்டுவான். ஆனால் அவனுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் ஒரு வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான், தெரிந்தேதான் இப்போது சொன்னான். அவள் கிளாஸை அவன் மடியிலிருந்து எடுத்து, ஆறிய டீயைக் கீழே ஊற்றினாள்.

ஜீப்பில் திரும்பினார்கள். வண்டியைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள், குழியில் இறங்கும்போதெல்லாம் அது முனகியது. பாதி வழியில் தூறல் பிடித்தது. லயத்துக்கு முன்னால் ஜீப் நின்றதும் ஜோஜோ வண்டியை இறக்கப் போனான். பினு நவீனைத் தூக்க வந்தான். பூமாரி குறுக்கே வந்து, "நான் தூக்கிக்கிறேண்ணே" என்றாள்.

ஒரு கையை அவன் முழங்காலுக்கு அடியிலும் ஒரு கையை முதுகிலும் கொடுத்தாள். வழக்கமாக அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்வான், அப்போது பாதி பாரம் குறைந்துவிடும். இன்றைக்கு அவன் கைகள் வயிற்றின் மேல் கிடந்தன. தூக்கிவிட்டாள். முழு உடம்பும் அவள் கைகளில் இறங்கியது.

"கழுத்தக் கட்டிக்கண்ணே."

அவன் எதிரே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பாதி வழியிலேயே சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. அம்மா குனிந்து இழுத்தாள், வரவில்லை. பினு உதவிக்கு ஓடினான். பூமாரி முற்றத்து நடுவில் நின்றாள். தூறல் வலுத்தது. அவன் முகத்தில் விழுந்த மழையைத் துடைக்க அவளிடம் கை இல்லை. தோள் கழன்றுவிடும் போல நடுங்கியது. அவனுடைய செருப்பில் ஒன்று நழுவிச் சேற்றில் விழுந்தது.

"அண்ணே, கட்டிக்கண்ணே" என்றாள் மறுபடியும்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவனை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு ஏற்றிப் பிடித்துக்கொண்டு, நாற்காலி வரட்டும் என்று மழையில் நின்றாள்.