மாமியார் வண்டி

சாவியைத் திருப்பும்போதெல்லாம் வேன் நாலு தடவை இருமிவிட்டு அடங்கிப்போயிற்று. பின்னால் வெள்ளைப் புகை எழுந்து ஷெட்டின் தகரக் கூரைக்கடியில் தேங்கி நின்றது. உள்ளே மில்லுக்குப் போகும் பெண்கள் கைகளைச் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். சங்கு ஊதினால் மில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அப்புறம் போய் நின்றால் அரைநாள் சம்பளம் அம்போதான்.

அன்றைக்கும் தாமதம்தான். கேட்டருகே நின்றிருந்த காண்ட்ராக்டர் டிரைவரைத் தனியே அழைத்து, நாளைக்கும் இப்படியானால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வேன் என்றார். வேனும் அவருடையது, வேலையும் அவர் கொடுத்தது. டிரைவர் தலையாட்டிவிட்டு வந்தான். 

அந்த வேனுக்கு மாமியார் என்று பெயர். காலையில் அது யாருக்கும் முகம் கொடுக்காது. ஆனால் முன்பெல்லாம் அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. அப்போது குடியிருப்புக்கு மேலே ஒரு மேடு இருந்தது. ராத்திரி டிரைவர் வேனை அங்கே நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுவான். விடிந்ததும் பெண்களெல்லாம் சேர்ந்து ஒரு தள்ளு தள்ளுவார்கள். இறக்கத்தில் உருண்டபடியே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓடி வந்து ஏறுவார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருத்தி எப்போதும் கடைசியாக ஏறுவாள். "ஸ்டார்ட்டரே நாங்கதான். உங்க சம்பளத்துல எங்களுக்கும் பங்கு உண்டு" என்பாள். பாட்டு ஒன்று இருந்தால் குளிரே தெரியாது என்று அவள் ஒருநாள் சொல்ல, மறுவாரமே பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி வந்து வேனில் மாட்டினான். அந்த வருஷமே இருவருக்கும் கல்யாணமும் ஆயிற்று. எவ்வளவு நல்ல காலைகள் அவை! பிறகு மேட்டை வெட்டிச் சமமாக்கி ஷெட் போட்டார்கள். சமதளத்தில் தள்ளப்போய் ஒருத்திக்குக் கால் பிசகவே, இனி யாரும் தள்ளக்கூடாது என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்குப் பெண்களை மில்லில் விட்டுவிட்டு நேராக மச்சானின் பட்டறைக்குப் போனான். மனைவியின் அண்ணன்தான் மெக்கானிக். பேட்டரி முனையில் பூத்திருந்த உப்பைச் சுரண்டினார்கள். டீசல் ஃபில்டரை மாற்றினார்கள். பைப்பில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்த்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

"மாப்ளே, காலையில ஹீட்டர் லைட் எரியுதா?" என்றார் மச்சான்.

"எந்த லைட்டு?"

மச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். குளிரில் எஞ்சினுக்குள் சூடு ஏற்றித் தரும் ஹீட்டர் ஒன்று உண்டு. அது வேலை செய்யும்போது டேஷ்போர்டில் மஞ்சள் லைட் எரியும். அணைந்த பிறகுதான் சாவியை முழுக்கத் திருப்ப வேண்டும். மேடு இருந்தவரை அவனுக்கு அது தேவைப்பட்டதே இல்லை. மச்சான் கீழே படுத்து ஒரு வயரைப் பிடித்துக்கொண்டே போனார். அது ஹீட்டருக்குப் போகாமல், என்றைக்கோ செத்துப்போன டேப்பின் பின்புறம் போய் முடிந்திருந்தது. அன்றைக்கு டேப்புக்குக் கரண்ட் தேடிய அவசரத்தில் அவனே பிடுங்கிக் கொடுத்த வயர்தான். மச்சான் அதைப் பழைய இடத்தில் மாட்டினார். லைட் மஞ்சளாக எரிந்தது.

ராத்திரி மனைவியிடம் சொன்னபோது அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பாவம், மாமியார் மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் நம்ம கல்யாணத்தால வந்த வினை." வெகுநாளைக்குப் பிறகு இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

விடியும்போது ஷெட்டில் காண்ட்ராக்டர் நின்றிருந்தார். பக்கத்தில் புது ஆள் ஒருவன். அவனை நேற்றே வரச் சொல்லிவிட்டாராம். வண்டி சரியாகிவிட்டது, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள் என்றான் டிரைவர். அதற்குள் அவன் மனைவியும் மற்றப் பெண்களும் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

"சரியாச்சுன்னா நல்லதுதானே" என்று காண்ட்ராக்டர் சாவிக்குக் கையை நீட்டினார்.

டிரைவர் கொடுத்தான். புது ஆள் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் ஜன்னலருகே போனான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மஞ்ச லைட் அணையட்டும் தம்பி. அப்புறம் திருப்புங்க."

புது ஆள் பொறுத்திருந்து திருப்பினான். ஒரே திருப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

காண்ட்ராக்டர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "பாத்தீங்களா? எதுக்கும் கைராசின்னு ஒண்ணு வேணும்."

 டிரைவரின் மனைவி மட்டும் இறங்கப்போகிறவளாகச் சீட்டிலிருந்து எழுந்தாள். அவன் வெளியே நின்றபடியே, உட்கார் என்று கையைக் காட்டினான். அவள் நின்றுகொண்டே இருந்தாள். மறுபடியும் காட்டினான். அவள் உட்கார்ந்ததும் வேன் கிளம்பியது. சங்கு ஊத இன்னும் நிறைய நேரம் இருந்தது.