அறுபத்து நாலில் அறுபது

1

இந்தக் கதை திருட்டு. மனைவியின் தங்கை எங்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லி அழுததை, அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்த கையோடு குறித்து வைத்துக்கொண்டேன். "மாமா, இதையும் எழுதித் தொலைச்சிராதீங்க" என்றாள். "சேச்சே" என்றேன்.

தொடக்கத்துக்கு முயன்றவை:

'மாபெரும் மருத்துவமனை ஒன்றின் தேடல் சர்வர், காலை சரியாகப் பத்து மணிக்கு...' (சர்வருக்காக எந்த வாசகர் கண்ணீர் விடுவார்?)

'அவள் ஒரு சாதாரணப் பெண்தான், ஆனாலும்...' (இப்படித் தொடங்குகிற ஆண் எழுத்தாளனை நம்பாதீர்கள்.)

'அவள் கையெழுத்துப் போடவேண்டிய தாள் மேசைமேல் இருந்தது.' இது பரவாயில்லை.

2

நோயாளியின் பெயரைத் தட்டினால் அவருடைய பழைய சீட்டெல்லாம் திரையில் வரவேண்டும். அந்தத் தேடல் சர்வரைப் பார்த்துக்கொள்வது மச்சினியின் வேலை. ஒரு வாரமாக, பத்து மணிக்குக் கூட்டம் சேர்ந்ததும் அது படுத்துவிடுகிறது. வார்டிலிருந்து நர்ஸ் கூப்பிடுகிறார்:

"என்னம்மா, பேரைப் போட்டா சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு? இந்தப் பெரியவருக்கு எந்த ஊசி ஒத்துக்காதுன்னு நான் யாரைப் போய்க் கேக்க? அவருக்கே ஞாபகமில்ல."

கோளாறு என்னவென்று அவளுக்கு முதல் நாளே தெரியும். இயந்திரத்தின் நினைவகம் அறுபத்து நாலு ஜிபி. பாதியைத் தேடல் மென்பொருளுக்குக் கொடுத்து, மீதியை இயங்குதளத்துக்கு விடவேண்டும். அடிக்கடி கேட்கிற கோப்புகளை அது அந்த இடத்தில்தான் கையருகே வைத்துக்கொள்ளும். இங்கே மென்பொருளுக்கே அறுபது. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் மெதுவாகச் சுழலும் வட்டுவரை நடை. போதாததற்கு, மென்பொருள் அந்த அறுபதிலும் சேர்ந்த குப்பையை அவ்வப்போது கூட்டிப் பெருக்கும். பெருக்கி முடிகிறவரை மருத்துவமனையே காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டும்.

அறுபது எங்கிருந்து வந்தது? இந்தச் சர்வரின் திறப்பு விழா உரையிலிருந்து. "நம் நினைவகம் முழுவதும் தேடலுக்கே, தேடல் முழுவதும் மக்களுக்கே!" என்றார் மருத்துவமனை இயக்குநர். பலத்த கைதட்டல். மறுநாள் அதுவே உத்தரவாக வந்தது. முழுவதும் கொடுத்தால் இயந்திரம் எழுந்தே நிற்காது என்று கெஞ்சி, அந்த நாலையாவது மீட்டவள் இவள்தான்.

3

(இயக்குநரைக் கேலிச்சித்திரமாக்கிவிட்டேனோ என்று சந்தேகம். இரண்டு நல்ல குணங்கள் சேர்க்கலாமென்று உட்கார்ந்தேன். ஒன்றுதான் தேறியது: அவர் குரலை உயர்த்துவதில்லை.)

"பாதியாக் குறைச்சா சரியாயிடுமாம்மா?"

"பத்து நிமிஷ வேலை, சார்."

"தாராளமாக் குறை. இந்தத் தாள்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கில்ல? அதுல 'ஊழியர் தவறு'ன்னு போட்டு ஒரு கையெழுத்து."

"சார், உங்க உத்தரவு மெயில் என்கிட்ட இருக்கு."

"இருக்கட்டுமே. அப்ப விசாரணைக் குழு போடணும். மூணு வாரம் ஆகும். அதுவரைக்கும் சர்வரை யாரும் தொடக்கூடாது, சாட்சியமாச்சே. பாவம், வார்டுலதான் திண்டாடுவாங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லிடும்மா."

பணிப்பதிவேட்டில் இரண்டு 'ஊழியர் தவறு' விழுந்தால் வேலை போய்விடும். அவளுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. சென்ற இயக்குநரும் நன்றாகப் பேசுவார்.

4

முடிவுகள்:

அ) கையெழுத்துப் போடுகிறாள். பத்து நிமிடத்தில் தேடல் ஓடுகிறது. இயக்குநர் 'துரித நடவடிக்கை' பற்றி உரையாற்றுகிறார். (நடக்கக்கூடியது. அதனால்தான் எழுதக் கசக்கிறது.)

ஆ) மெயிலை எல்லோருக்கும் அனுப்பிவிடுகிறாள். இயக்குநர் வெட்கித் தலைகுனிந்து... (மன்னிக்கவும். அப்படியொருவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அடிக்க மனமில்லை.)

இ) மறுக்கிறாள். குழு அமைகிறது. ஏழாம் நாள், வேறொரு வார்டில், பதிவேடு கிடைக்காமல் ஒரு சின்னப் பெண்ணுக்கு... (இதை நான் முடிக்கமாட்டேன்.)

இவ்வளவும் எழுதியபோது அவளே கூப்பிட்டாள்.

"மாமா, எழுதுறீங்களாமே. அக்கா சொன்னா."

"சும்மா... உனக்கு ஆதரவாத்தான்."

"சரி, அதுல நான் என்ன பண்றேன்?"

"மூணு முடிவு வச்சிருக்கேன்."

"எதைப் பண்ணட்டும்? நிஜமாத்தான் கேக்கிறேன்."

"மூணுமே நல்லா வந்திருக்கு" என்றேன்.

போனை வைத்துவிட்டாள்.

ஆகவே முடிவு உங்களிடம். எது சரியென்று படுகிறதோ அதைக் காலை பத்து மணிக்குள் அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் கூப்பிட்டால் எடுக்கமாட்டாளாம், அக்காவிடம் சொல்லிவிட்டாள்.