குடத்தின் நிஜ நிறம்

விஜயதசமி அன்று காலை பதினொரு மணிக்கு நெல்லூரிலிருந்து போன் வந்தது. பேசியவர் அப்துல் வாஹித். பழவேற்காட்டுக்காரர். நெல்லூரில் அவருக்குப் பெரிய பாத்திரக் கடை இருந்தது.

"வசந்தா, சாயங்காலம் இங்க சுத்துப்பட்டுக் கடைக்காரங்க எல்லாம் வர்றாங்க. தை மாசம் கல்யாண சீசன் முடியிற வரைக்கும் யார் குடம் வாங்கறதுன்னு பேசி முடிக்கணும். உன் குடத்தோட கனம், வாய் எல்லாம் எனக்குத் தெரியும். புதுக் கலர் அஞ்சு போட்டேன்னியே, அத போட்டோ எடுத்து நௌஷீனுக்கு ஈமெயில் பண்ணு. மக்ரிப் தொழுகைக்குள்ள, பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்."

காக்களூர் தொழிற்பேட்டையில் வசந்தகுமாருக்கு ஒரே ஒரு மெஷின். பிளாஸ்டிக் குடம் செய்கிற மெஷின். இந்த ஆர்டர் கிடைத்தால் அது ஓடும். கிடைக்காவிட்டால் அதை விற்றுவிட்டு, கும்மிடிப்பூண்டியில் பழைய ஷிப்ட் வேலைக்கே போய்விடுவது என்று அவனும் மனைவி ஈஸ்வரியும் முன்பே பேசி வைத்திருந்தார்கள். ஈஸ்வரிதான் நிறம் கலக்கிறவள். ராணி பிங்க், கிளிப்பச்சை, மயில்கழுத்து நீலம், மாம்பழ மஞ்சள், அரக்குச் சிவப்பு என்று ஐந்தையும் அவள் கையால் கலந்திருந்தாள்.

போட்டோவுக்குக் கவலையில்லை என்று நினைத்தார்கள். துபாயிலிருந்து ஈஸ்வரியின் அண்ணன் போன மாதம்தான் ஒரு ஸ்மார்ட்போன் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பட்டறைக்குள் டியூப்லைட்டின் கீழே குடங்களை வரிசையாக வைத்து வசந்தகுமார் படம் எடுத்தான். பார்த்ததும் அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"இன்னா ஈஸ்வரி இது? அஞ்சு கொடத்துக்கும் காமாலை வந்தா மாறி கீது?"

"நீ கைய ஆட்டிக்கினே எடுத்துருப்ப. குடு இப்டி."

அவளும் எடுத்தாள். அதே கதைதான். நீலம் பாசி பிடித்ததுபோலத் தெரிந்தது. ராணி பிங்க் பழைய செங்கல்லாகிவிட்டது. எல்லாவற்றின் மேலும் ஒரு மஞ்சள் புகை. நேரம் போய்க்கொண்டிருந்ததால் இருந்ததில் நல்லதாக ஒன்றைப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அந்த நாளைய இணைப்பில் ஒரு படம் போய்ச் சேர்வதற்குள் வசந்தகுமார் இரண்டு டீ குடித்துவிட்டான்.

நெல்லூர்க் கடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் அப்துல் வாஹித்தின் மகள் நௌஷீன். படத்தைத் திறந்து பார்த்தாள். அத்தாவிடம் காட்டினால் ஒரே பார்வையில் 'வேணாம்' என்று சொல்லிவிடுவார். அவள் செய்ய வேண்டியதும் அவ்வளவுதான். வேறு இரண்டு பேருடைய படங்கள் பளபளவென்று ஏற்கனவே வந்திருந்தன. ஆனால் நௌஷீன் படத்தை மூடிவிட்டுப் போனை எடுத்தாள். பிறருடைய பிழைப்புக்காக ஒரு நிமிடம் செலவழிப்பது பெரிய காரியமாகத் தெரிவதில்லை. ஆண்டவனுடைய கணக்கில் அது எப்படி நிற்கிறது என்பதை நாம் அறியோம்.

"ஈஸ்வரிக்கா, தப்பா நெனைக்காதீங்க. நேத்து பூஜையில போனுக்கும் சந்தனம் வெச்சீங்களா?"

ஈஸ்வரி திடுக்கிட்டாள். "வெச்சனே. மெஷினு, தராசு, வண்டி எல்லாத்துக்கும் வெச்சேன். போனு மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

"எங்க வெச்சீங்க?"

ஈஸ்வரி போனைத் திருப்பிப் பார்த்தாள். பின்புறம் நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி. நேற்று அதுதான் நெற்றி மாதிரித் தெரிந்தது. சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டாலும் அதன் தடமும் எண்ணெய்ப் பசையும் கண்ணாடியில் அப்படியே இருந்தன.

"அய்யோ, அந்த வட்டத்துல வெச்சிட்டேன்மா."

நௌஷீன் சிரித்தாள். குத்திக்காட்டுகிற சிரிப்பாக அது இல்லை. "எங்க பக்கத்துக் கடை மொபைல் ரிப்பேரு. வருசா வருசம் பூஜைக்கு மறுநாள் கேமரா போச்சுன்னு வந்து நிப்பாங்க. சந்தனத்த நெத்தியில வைக்கணும்க்கா. நீங்க கண்ணுல வெச்சிட்டீங்க."

"சாமிக்கு வெச்சத தொடைக்கலாமா?"

"கண்ணுல பட்டா தொடைக்கத்தானே சொல்வாரு? சாஃப்டான துணியால தொடைங்க. இந்தப் படத்த நான் அத்தாகிட்ட காட்டல. வேற அனுப்புங்க."

ஈஸ்வரி கண்ணை மூடி ஒரு கணம் நின்றாள். பிறகு கணவனின் மூக்குக்கண்ணாடித் துணியால் வட்டத்தை மெல்லத் துடைத்து, அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மஞ்சள் புகை போயிற்று. ஆனாலும் டியூப்லைட்டின் கீழே நிறங்கள் சோர்ந்தே இருந்தன. போனை நோண்டிக்கொண்டே இருந்த வசந்தகுமார் திடீரென்று கத்தினான்.

"ஈஸ்வரி! இதுல கலர தூக்கிக் காட்றதுக்கு 'விவிட்'னு ஒண்ணு கீது பாரு!"

அதைப் போட்டு எடுத்த படத்தில் ராணி பிங்க் தீபாவளி மத்தாப்பாக எரிந்தது. கிளிப்பச்சையைப் பார்த்தால் கண் கூசியது. வசந்தகுமாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஈஸ்வரி நிஜக் குடத்தைத் தூக்கிவந்து போனுக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"இந்தக் கலரு நம்ம கொடத்துல இல்லியே."

"போட்டோன்னா கொஞ்சம் அப்டித்தான் இருக்கும். கல்யாண ஆல்பத்துல உன் மூஞ்சிகூட செவப்பாத்தான் கீது."

"அது என் மூஞ்சி. எங்கம்மாவே நம்பல, போவட்டும். இத நம்பி ஒரு மனுஷன் ஊரக் கூட்டி வாக்கு குடுக்கப் போறாரு. லோடு போய் எறங்கனா அவரு மூஞ்சி இன்னாவும்?"

"ஆர்டரு போனா நம்ம மூஞ்சி இன்னாவும்? அத யோசிச்சியா நீ?"

அவள் யோசித்திருந்தாள். கும்மிடிப்பூண்டி ஷிப்ட் வேலையில் அவன் முன்பு இளைத்துப்போனதையும் யோசித்திருந்தாள். ஆனாலும் சொன்னாள்: "இருக்கற கலர எடுத்துக் குடு. அது புடிக்கலன்னா போவட்டும்."

வசந்தகுமார் கோபத்தோடு குடங்களை வெளியே தூக்கிக்கொண்டு போனான். அங்கே வேறு தொல்லை. மாலை நான்கு மணி வெயில் நேராக அடித்து, குடத்தின் வயிற்றில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை.

எதிரில் லாரியைக் கிளப்பிக்கொண்டிருந்த டிரைவர் தாவீது எட்டிப் பார்த்தார். முதலாளி கட்டச் சொன்ன வாழைக்கன்று லாரியின் முன்னால் ஆடிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, வெயில்ல கொடத்த காய வெக்கிற?"

"நீ வேற பேஜாரு பண்ணாத தாவீதண்ணே. போட்டோ எடுக்கணும், நெழலு இல்ல."

"நெழலுதான? சொல்றதுக்கின்னா?"

செவ்வாப்பேட்டையில் அவருக்காக லோடு காத்திருந்தது. ஆனாலும் இறங்கிவந்து இடத்தைப் பார்த்தார். திரும்பிப் போய் லாரியைப் பின்னால் எடுத்து, வெயிலை மறித்தபடி குறுக்கே நிறுத்தினார். குடங்களின் மேல் நிழல் அகலமாக விழுந்தது. பூஜைக்காகப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த எதிர்ச்சுவர் மட்டும் வெயிலை வாங்கி, அந்த வெளிச்சத்தைக் கண் கூசாதபடி குடங்களின் மேல் திருப்பிக் கொடுத்தது.

ஈஸ்வரி 'விவிட்'டை அணைத்தாள். முந்தானையால் குடங்களின் தூசியைத் துடைத்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினாள்.

மூன்று தலைகள் அந்தச் சின்னத் திரையின் மேல் குனிந்தன. ராணி பிங்க், ராணி பிங்க்காகவே இருந்தது. மயில்கழுத்து நீலத்தில் பச்சை எங்கே தொடங்குகிறது என்பதுகூடத் தெரிந்தது. அவள் கலந்தபோது எப்படிப் பார்த்தாளோ, அப்படியே.

"அடிச்சிட்டம்மா நீ!" என்று தாவீது லாரிக் கதவைத் தட்டினார். வசந்தகுமார் படத்தையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "மத்தாப்பு வேணாம் ஈஸ்வரி. இதான் நல்லாக் கீது," என்றான். அவனுடைய மன்னிப்பு எப்போதும் அவ்வளவுதான். அந்தப் படம் நெல்லூருக்குப் போயிற்று.

விளக்கேற்றும் நேரத்தில் போன் அடித்தது.

"வசந்தா, மூணு பேரு படமும் பார்த்தோம். ரெண்டு பேருது சினிமா போஸ்டர் மாதிரி இருக்கு, எந்தக் கடையிலயும் அந்தக் கலர்ல குடம் பார்த்ததில்ல. உன்னோடதப் பார்த்து கடைக்காரங்க, 'இது குடம், தூக்கிக்கினு போலாம்'ங்கறாங்க. அஞ்சு கலரும் அனுப்பு. இன்னிக்கே ஆரம்பி, நல்ல நாளு."

வசந்தகுமார் போனை ஈஸ்வரியிடம் நீட்டிவிட்டு மெஷினைப் போட ஓடினான். ஈஸ்வரி போனை வாங்கி, "நௌஷீன் இருக்குதா பாய்? அதுகிட்ட குடுங்க," என்றாள். அந்தப் பெண் "அக்கா" என்றதும் இவள் சிரித்துவிட்டாள். இரண்டு பக்கமும் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

பத்து நாள் கழித்து முதல் லோடை எடுத்துப் போனது தாவீதின் லாரிதான். நெல்லூர்க் கடை வாசலில் தார்ப்பாயை அவிழ்த்தபோது அப்துல் வாஹித் ஒரு குடத்தைக் கேட்டு வாங்கினார். நௌஷீன் அச்செடுத்து ஒட்டியிருந்த படத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினார். ஒரு குறையும் கிடைக்கவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். அதற்குள் தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் லாரியின் அருகே வந்து, ராணி பிங்க்கில் ஆளுக்கொன்றை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.