செய்தி வராதபோது பெட்டி என்ன செய்யும்

1.

இந்தக் கதை அடித்துத் திருத்தப்பட்ட ஒரு வரியிலிருந்து பிறந்தது. அதை மறைப்பதில் பயனில்லை.

பிழை திருத்துவதற்காக என் மேசைக்கு ஒரு வரைவு வந்தது. நூற்று எழுபது பக்கம். வீட்டுச் சுவரில் மாட்டி மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பேட்டரிப் பெட்டிகள், எந்த நிறுவனத்தின் தயாரிப்பானாலும், மின்வாரியத்தின் கட்டுப்பாட்டு அறையோடு ஒரே மொழியில் பேச வேண்டும் என்பதற்கான தரநிலை. படிக்கச் சுகமான நூல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரிவு 7.4இல் அச்சிட்டிருந்த வரி இது: ‘கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி வராதபோது பெட்டி என்ன செய்யும் என்பது தயாரிப்பாளரின் விருப்பம்.’ அந்த வரியின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு. ஓரத்தில் மூன்று வெவ்வேறு கையெழுத்துகளில் மாற்று வாசகம்.

மூன்று பேர் ஒரே பக்கத்தின் மேல் குனிந்து எழுதியிருக்கிறார்கள். ஒருவருடைய பேனா நடுவில் மை தீர்ந்து, இன்னொருவருடையதை வாங்கியிருக்கிறார். ஏன் என்று யாரையும் நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் இது அறிக்கையாகியிருக்கும்.

2.

முதல் தொடக்கம்: ‘அன்று பிற்பகல் வானம் கறுத்தது, காற்று மரங்களை—’

(கைவிட்டேன். கதைகளில் வானம் கறுக்கும் அளவுக்கு உண்மையில் மழை பெய்வதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: ‘மின்தொகுப்பு என்பது உற்பத்தியும் நுகர்வும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டிய—’

(பாடப்புத்தகம்.)

மூன்றாம் தொடக்கம்: ‘தம்பியின் மூச்சு ஒரு இயந்திரத்தில் இருந்தது.’

(வாசகரின் சட்டையைப் பிடித்து இழுக்கும் வாக்கியம். சட்டையை விடுகிறேன், தம்பி பிறகு வருவான்.)

நான்காவது தேறியது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

3.

தரநிலைக் குழுவில் அவளுக்குக் ‘கடைசி அக்கா’ என்று பெயர். கூட்டம் முடிந்து எல்லோரும் குறிப்பேட்டை மூடிப் பையைத் தோளில் மாட்டிய பிறகுதான் அவள் ‘கடைசியா ஒண்ணு’ என்பாள். அந்த ஒன்றுக்கு அரை மணி நேரமாகும். குழுவின் தொகுப்பாளர் அவள். மற்றவர்கள் வாதாடுவதை வாக்கியமாக்குவதும், பெட்டிகளைச் சோதிக்கும் தேர்வுப் பட்டியலைத் தயாரிப்பதும் அவள் வேலை. பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றையும் அவளே எழுதி, மூன்று முறை சரிபார்த்திருந்தாள்.

வரைவுக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய கூட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு, அவள் வீட்டில் இது நடந்தது.

வெயில் கொளுத்திய பிற்பகல். ஊரெல்லாம் குளிர்சாதனங்கள் ஓடின. மூன்று மணிக்குக் கட்டுப்பாட்டு அறை வீட்டுப் பெட்டிகளுக்கெல்லாம் செய்தி அனுப்பியது: தெருவுக்கு மின்சாரம் கொடு. அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே மாட்டியிருந்த பெட்டியும் கொடுத்தது. மூன்றரைக்குக் காற்றில் ஒரு கிளை முறிந்து விழுந்து, செய்தி வரும் கம்பியை மட்டும் அறுத்தது. பெட்டிக்கு அதன் பிறகு எதுவும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன செய்வது என்பது தயாரிப்பாளரின் விருப்பம். இந்தத் தயாரிப்பாளரின் விருப்பம், கடைசியாகச் சொன்னதைச் செய்துகொண்டே இருப்பது. பெட்டி கொடுத்தது. ஐந்தரைக்குள் தன்னை முழுதாகத் துடைத்துக் கொடுத்துவிட்டது. ஐந்தே முக்காலுக்குத் தெருவில் மின்சாரம் போனது.

அவள் தம்பி பதினெட்டு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவன். நுரையீரல் பழுதாகி இப்போது நாள் முழுதும் ஆக்சிஜன் இயந்திரத்தோடு இருக்கிறான். அதற்கு அவன் வைத்த பெயர் ‘டிரைவர்’. டிரைவருக்குள் நாற்பது நிமிடம் தாங்கும் சிறிய பேட்டரி உண்டு. மாற்று ஆக்சிஜன் உருளைக்குச் சொல்லியனுப்பினாள். கிளை விழுந்து மறித்த சாலையில் வண்டி வரவில்லை. முப்பத்தோராம் நிமிடம் மின்சாரம் வந்தது.

(முந்தைய படியில் இது முப்பத்தொன்பதாம் நிமிடமாக இருந்தது. பயத்துக்கு அவ்வளவு அலங்காரம் வேண்டியதில்லை.)

அந்த முப்பத்தொரு நிமிடமும் அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கு எரிந்ததும் சொன்னான்:

“பெட்டியைத் திட்டாதக்கா. தங்கமான பிள்ளை. சொன்ன பேச்சு கேட்டுச்சு. போதும்னுதான் யாரும் சொல்லல.”

அவள் எழுந்து போய்த் தன் தேர்வுப் பட்டியலை எடுத்து வந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். தேர்வு ஒன்று: செய்தி வந்ததும் பெட்டி… தேர்வு இரண்டு: செய்தி வந்ததும் பெட்டி… இருநூற்றுப் பன்னிரண்டும் அப்படியே. செய்தி எவ்வளவு வேகமாக வர வேண்டும், எந்த வடிவில் வர வேண்டும், தவறாக வந்தால் எப்படி மறுக்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. வராவிட்டால் என்னவென்று ஓரிடத்திலும் இல்லை. பேச்சையே தொழிலாகக் கொண்டவர்கள் மௌனத்துக்குத் தேர்வு வைக்க மறந்துவிட்டார்கள். மறந்தவள் அவள்.

4.

நோயாளி ஒருவனைக் கதைக்குள் படுக்கவைத்தால் வாசகரின் கவலையை உழைப்பின்றிப் பெற்றுக்கொள்ளலாம். அந்தச் சந்தேகம் எனக்கு இருந்தது. தம்பியை நீக்கிவிட்டு ஒரு குளிர்பதனக் கிடங்கை வைத்துப் பார்த்தேன். தக்காளி அழுகியது. கவலை வரவில்லை. மீண்டும் தம்பி.

கூட்டத்தன்று காலை அவர்கள் பேசியதையும் மூன்று முறை நீக்கினேன். உவமை அளவுக்கு மீறிப் பொருந்துகிறது என்பதே காரணம். மூன்று முறையும் அவன் ஓடி வந்து படியில் தொற்றிக்கொண்டான். நடத்துநரை இறக்கிவிட்டு வண்டியை ஓட்ட முடியாது, இருக்கட்டும்.

அவள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் கேட்டான்:

“இன்னைக்குச் சொல்லப்போறியா, இல்ல வழக்கம்போல எல்லாரும் இறங்கின பிறகா?”

“சொன்னா, தப்பு என் பட்டியல்லதான்னு ஆகும்.”

“ஆகட்டுமே. உன் பட்டியல்தானே?”

“இன்னைக்கு விட்டா அடுத்த பதிப்பு நாலு வருஷம் கழிச்சுதான்டா. அது இருக்கட்டும், மாத்தி என்னன்னு எழுதறது? நிறுத்துன்னா ஒரு கஷ்டம், நிறுத்தாதேன்னா ஒரு கஷ்டம்.”

அவன் மூச்சை ஒருமுறை நிதானமாக இழுத்துக்கொண்டான்.

“பஸ்ல ஒரு மணி அடிச்சா நிக்கணும், ரெண்டு அடிச்சாப் போகணும். ஒருநாள் மணிக் கயிறு அறுந்துபோச்சு. பின்னாடி கூட்டத்துல நான் மாட்டிக்கிட்டேன். கத்தினாலும் கேட்காது. டிரைவர் என்ன பண்ணினாருன்னு நினைக்கிற?”

“நிறுத்திட்டாரு.”

“சடக்குன்னு பிரேக் போட்டா நின்னுக்கிட்டு வர்ற அறுபது பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க. ஓட்டிக்கிட்டே போனா இறங்க வேண்டியவன் டிப்போவுலதான் இறங்கணும். மனுஷன் கண்ணாடியில ஒருதரம் பார்த்தாரு. மெல்ல மெல்ல வேகத்தைக் குறைச்சு, ஓரமா ஒதுக்கி நிறுத்தினாரு. ஒருத்தருக்கும் கால்கூட மிதிபடல.”

“இதை ஏன்டா மூணு வாரமா சொல்லல?”

“நீ கேட்கவே இல்லையே. இருநூத்திப் பன்னண்டு கேள்வி எழுதத் தெரியுது.”

5.

தேர்வுக்கூடத்தில் நீண்ட மேசை. அதன் இரு முனைகளிலும் இரண்டு பெட்டிகள். நடுவே தெருவுக்குப் பதிலாக ஒரு பலகையில் நாற்பது பல்புகள். அலமாரி அளவு பெட்டியைச் செய்தவர் பெரிய பெட்டிக்காரர். கைப்பெட்டி அளவில் செய்தவர் சின்னப் பெட்டிக்காரர். போட்டி நிறுவனங்களின் தலைமைப் பொறியாளர்களான இவர்களில் முன்னவரின் மகளைப் பின்னவரின் மகன் கட்டியிருந்தான். பேத்திக்கு இருவரும் தாத்தா. மேசைக்கு இருவரும் எதிராளி. பிள்ளைகள் எந்த ஆவணமும் இல்லாமல் ஒத்துப்போய்விட்டதாகவும், பெட்டிகளுக்குத்தான் ஆறு வருடம் ஆகிறது என்றும் குழுவில் ஒரு பேச்சு உண்டு.

பிற்பகல் நான்கு மணிக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு தேர்வுகளும் தேறின. பைகள் தோளில் ஏறின.

“கடைசியா ஒண்ணு,” என்றாள்.

“வந்துடுச்சு,” என்று பெரிய பெட்டிக்காரர் மறுபடியும் உட்கார்ந்தார். “அக்கா, எல்லாமே பாஸ். பட்டியலே நீங்க போட்டதுதான்.”

“அதுலதான் தப்பு. செய்தி வரலைன்னா என்ன ஆகும்னு நான் கேட்கவே இல்ல. விட்டுட்டேன்.”

“வரலைன்னா என்ன? எங்க பெட்டி அந்த நொடியே நிறுத்திடும். வீட்டுக்குப் பாதுகாப்பு.”

“வீட்டுக்குப் பாதுகாப்பு, தெருவுக்குத் தண்டனை,” என்றார் சின்னப் பெட்டிக்காரர். “பத்தாயிரம் பெட்டி ஒரே நொடியில கைவிட்டா ஊரே இருட்டாயிடும் சம்பந்தி. எங்க பெட்டி சொன்ன வாக்கைக் காப்பாத்தும்.”

“வாக்கைக் காப்பாத்தி வீட்டை வழிச்சு வச்சிடும்.”

“பாதியில எழுந்து போறது உங்க பெட்டிக்கும் வழக்கம் போலிருக்கு. கல்யாணத்தன்னைக்கே பார்த்தேனே.”

“அன்னைக்கு எனக்கு வயித்து வலின்னு எத்தனை தரம் சொல்றது சம்பந்தி?”

(இந்த இடத்தில், துப்புரவுப் பணியாளர் ஒருவர் தரையைப் பெருக்க வந்து தவறுதலாகக் கம்பியை உருவிவிடுவதாக எழுதியிருந்தேன். தற்செயலுக்கு இந்தக் கதையில் ஒருமுறைதான் இடம். அதைக் கிளை எடுத்துக்கொண்டது. தவிரவும், தவறு அவளுடையது. கம்பியையும் அவளே உருவட்டும்.)

அவள் மேசையைச் சுற்றி வந்து, கட்டுப்பாட்டுக் கணினியிலிருந்து போகும் கம்பியைப் பிடுங்கினாள்.

பெரிய பெட்டி சொன்னபடியே அந்த நொடியே நின்றது. நாற்பது பல்புகளின் பாரமும் சின்னப் பெட்டியின் தலையில் இறங்கியது. அது வாக்கைக் காப்பாற்ற இரண்டு நொடி முனகியது. பிறகு அதன் காப்புச் சுவிட்ச் டப்பென்று விழுந்தது. பலகையில் ஒரு பல்பும் எரியவில்லை.

இரண்டு சம்பந்திகளும் பலகையையே பார்த்தார்கள். குறை சொல்ல எதிர்ப்பக்கத்தில் ஆள் இல்லாமல் போனது இருவருக்கும் புதிது.

“எங்க வீட்டுல இருக்கறது உங்க பெட்டி,” என்று அவள் சின்னப் பெட்டிக்காரரிடம் சொன்னாள். பிறகு முப்பத்தொரு நிமிடத்தையும் சொன்னாள். ஒரு தேர்வின் முடிவைப் படிப்பது போல, ஏற்ற இறக்கமில்லாமல்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொல்லியிருந்தா ‘ஐயோ பாவம்’னு கேட்டுட்டுக் கிளம்பியிருப்பீங்க. அதான் முதல்ல கம்பியை உருவினேன்.”

மணிக் கயிறு அறுந்த பேருந்தை அதன் பிறகுதான் சொன்னாள். பெரிய பெட்டிக்காரர் வரைவைத் தன் பக்கம் இழுத்து, 7.4இன் குறுக்கே கோடு போட்டார்.

“மெல்லக் குறைக்கணும். சரி. ஆனா எல்லாப் பெட்டியும் ஒரே நேரத்துல குறைக்க ஆரம்பிச்சா?”

“ஆளுக்கொரு நேரம்,” என்றார் சின்னப் பெட்டிக்காரர். “ஒவ்வொரு பெட்டியும் தனக்குள்ளயே சீட்டு எடுத்துக்கட்டும். ஒண்ணு ரெண்டாம் நிமிஷம், ஒண்ணு ஒன்பதாம் நிமிஷம். கொஞ்சம் பேனா கொடுங்க சம்பந்தி, என்னுது தீர்ந்துபோச்சு.”

“வீட்டுக்காரங்க தங்களுக்குன்னு எடுத்துவச்ச பங்கைத் தொடக் கூடாது,” என்றாள் அவள். “அதை நான் எழுதறேன்.”

6.

முடிவுகள்.

(அ) குழு ஒருமனதாக ஏற்றது. எழுதிப் பார்த்தேன். ஒருமனதாக முடிந்த குழு எதையும் நான் கண்டதில்லை, அடித்துவிட்டேன்.

(ஆ) ‘செலவு கூடும்’ என்று இரண்டு நிறுவனங்களின் மேலிடமும் மறுக்க, மாற்று வாசகம் பின்னிணைப்புக்குப் போனது. நம்பும்படி இருந்தது. நம்பும்படி இருப்பது மட்டுமே ஒரு முடிவுக்குத் தகுதியாகுமா என்று யோசித்து, ஓரமாக வைத்திருக்கிறேன்.

(இ) வரைவின் மீதான வாக்கெடுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப் பெட்டிக்காரர் மடிக்கணினியோடு அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். கூடவே, யாரும் அழைக்காமல், பெரிய பெட்டிக்காரர்.

“எங்க பெட்டியை நோண்ட நீங்க எதுக்குச் சம்பந்தி?”

“நீங்க சரியா நோண்டறீங்களான்னு பார்க்க ஒருத்தர் வேணாமா?”

புது விதியை ஏற்றிவிட்டு, பெட்டியைத் தெருவுக்குக் கொடுக்கவைத்து, கம்பியை உருவினார்கள். நால்வரும் பெட்டியின் சிறு திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஆறாம் நிமிடம், தெருவுக்குப் போகும் மின்சாரத்தின் எண் இறங்கத் தொடங்கியது. குதிக்காமல், ஒவ்வொரு படியாக. தம்பிக்கென்று சேமிப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு வைத்திருந்தார்கள். திரையில் இருப்பு நாற்பதைக் காட்டும்போது பெட்டி ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டது.

தம்பி இருமலுக்கு நடுவே, தேநீர்க் கோப்பையைக் கரண்டியால் இரண்டு முறை தட்டினான்.

“போலாம், ரைட்.”

(இ) நடந்தது என்று வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி கொடுங்கள். ஒரு வீட்டில் நடந்துவிட்டது. மற்ற வீடுகளுக்குத்தான் வாக்கெடுப்பு.

7.

வரைவைத் திருத்தி அனுப்பிவிட்டேன். ஓரத்துக் கையெழுத்துகள் மூன்றிலும் சேர்த்து நான் மாற்றியது ஒரு காற்புள்ளி. நாளை காலை வாக்கெடுப்பு. முடிவை எனக்குத் தெரிவிக்க வேண்டிய கடமை யாருக்கும் இல்லை. ஆகவே இந்த வரிக்குப் பிறகு என்னிடமிருந்து உங்களுக்குச் செய்தி வராது.

வராதபோது என்ன செய்வது என்பதை மூன்று பேர் குனிந்து எழுதிவைத்திருக்கிறார்கள். அதை அப்படியே தருகிறேன். முதல் கையெழுத்து: ‘திடீரென நிற்கக் கூடாது, கடைசியாகச் சொன்னதையே தொடரவும் கூடாது.’ இரண்டாவது: ‘அவரவர் நேரத்தில், மெல்ல.’ மூன்றாவது, எல்லாவற்றிலும் சிறிய எழுத்தில், கடைசியாக: ‘வீட்டில் இருப்பவருக்கென எடுத்துவைத்ததை மட்டும் தொடாமல்’

முற்றுப்புள்ளியை அவள் வைக்கவில்லை. நானும் வைக்காமல் விட்டேன்