சீட்டைக் கழற்றிவிட்ட பொட்டலம்

1

இந்தக் கதை ஒரு தொப்பிக்குள் இருபத்திரண்டு வருடம் கிடந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் வெளியே வந்தது. கற்றது ஐம்பத்தெட்டு வயதில். வாக்கியங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: ‘எங்கள் தீவின் புவேர்தோ பிளாத்தா விமான நிலையத்தில் அன்று வானம்’

வேண்டாம். சுமை தூக்குகிறவன் வானத்தை எங்கே பார்த்தான்?

இரண்டாவது: ‘நியூயார்க் விமானம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டினார்கள்.’

இது இருக்கட்டும். எங்கள் ஆட்கள் ஊர் மண்ணைத் தொட்டால் கைதட்டாமல் இருக்க மாட்டார்கள். ஆனால் கைதட்டியதோடு மனம் ஆறாது. வழியெல்லாம் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்ட பணிப்பெண்ணுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். அவளோ வாங்கக் கூடாது. வாங்கினால் வேலை போய்விடும். ஆகவே வெளியே வந்து பெட்டி தூக்கும் ஃபெர்மினிடம் கொடுப்பார்கள்.

“கன்னத்துல குழி விழுமே, அந்தப் பொண்ணுக்கு. மறந்துடாத ராசா.”

மறக்க மாட்டான். கன்னக்குழி என்றால் நெரெய்தா. சோப்போ சாக்லேட்டோ, அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும்.*

* அவனுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையா என்கிறீர்களா? சில்லறை கொடுத்தார்கள். சில்லறையோடு யாரும் சீட்டு எழுதி வைப்பதில்லை.

2

வேலை முடிந்ததும் நெரெய்தா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவனுடைய தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

“என்னையும் ஒரு பெட்டின்னு நெனச்சுத் தள்ளுப்பா.”

“பெட்டின்னா பூட்டு இருக்கும். ஒன் வாய்க்கு அதக் காணோமே!”

கார் நிறுத்துமிடம் வரை சிரிப்புதான். (காதலா என்று கேட்காதீர்கள். இரண்டு முறை எழுதி இரண்டு முறை அடித்துவிட்டேன்.) பொட்டலத்தில் சீட்டு இருந்தால் மட்டும் அவன் வண்டியை வேகமாகத் தள்ளுவான்.

“கண்ணாடி பையில மாட்டிக்கிச்சு, நீயே படியேன்,” என்பாள்.

“வெயிலு கண்ணக் கூசுது, அப்புறமாப் பாத்துக்க.”

அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்க வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே கௌரவம்.

3

ஒருநாள் ஒரு பெரியவர், செத்துப்போன தன் அம்மாவின் இரும்புத் தையல் மெஷினோடு நியூயார்க்கிலிருந்து வந்து இறங்கினார். (அவர் கையில் தடி இருந்ததாக எழுதினேன். இருந்ததா? நினைவில்லை. தடியை எடுத்துவிட்டேன்.) வண்டியின் சக்கரம் உடைந்திருந்தது. ஃபெர்மின் மெஷினைத் தோளில் ஏற்றினான். என் முதுகு ‘கடக்’கென்று

அவன் முதுகு. திருத்திவிட்டேன்.

மூன்று நாள் கழித்து ஒரு டாக்ஸிக்காரர் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார். மேலே சீட்டு குத்தியிருந்தது. “மெஷின் பெரியவர் குடுத்தாரு,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

கைக்கு வருவதெல்லாம் அடுத்தவருக்கு என்றே பழகியவன் வேறென்ன நினைப்பான்? நெரெய்தாவுக்குத்தான். படிக்கச் சொல்வாளே என்று சீட்டைக் கழற்றித் தொப்பிக்குள் செருகினான். பொட்டலத்தை மட்டும் கொடுத்தான்.

4

உள்ளே சுமைகூலிகள் இடுப்பை இறுக்கிக் கட்டும் அகலத் தோல் பெல்ட், இரண்டு கொக்கியோடு.

நெரெய்தா அதை மற்றப் பணிப்பெண்களின் முன்னால் பிரித்துவிட்டாள். அந்த மாதம்தான் உடம்பு போட்டுவிட்டதென்று சீருடையைத் தளர்த்தித் தைத்திருந்தாள்.

“அடியே, ஒன் இடுப்பு அவ்வளவு தூரமா தெரியுது?” என்றாள் ஒருத்தி.

நெரெய்தா நேராக அவனிடம் வந்தாள். “யாரு குடுத்தா?”

“அந்தப் பெரியவருதான்...”

“சீட்டு எதுவும் இல்லையா?”

தொப்பி அவன் தலையில்தான் இருந்தது.

“இல்ல,” என்றான்.

“அப்ப இது ஒன் வேலைதான். என்னையப் பாத்தா சிரிப்பா இருக்கா ஒனக்கு? இந்தா, நீயே கட்டிக்க!”

பெல்ட் அவன் காலடியில் விழுந்தது. மறுநாளிலிருந்து அவள் அடுத்த வாசல் வழியாகப் போனாள். கொஞ்ச நாளில் மியாமி விமானத்துக்கு மாற்றிக்கொண்டு போயே விட்டாள்.

அவன் அந்த பெல்ட்டைக் கட்டினான். தண்டனை என்று நினைத்துத்தான் கட்டினான். முதுகு ஓய்கிறவரை தினமும்.

5

மாதா கோயில் வகுப்பில் எழுத்துக் கைவந்ததும் அவன் முதலில் படித்தது வேதப் புத்தகத்தை அல்ல.

‘என் அம்மாவின் மெஷினைத் தோளில் சுமந்தவருக்கு. உங்கள் முதுகு சத்தம் போட்டது எனக்குக் கேட்டது.’

அவ்வளவுதான்.

6

நெரெய்தா இப்போது மோகாவில் தங்கை வீட்டில் இருக்கிறாளாம். முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ) அவன் போய்ச் சீட்டைக் காட்டுகிறான். கன்னத்தில் குழி விழுகிறது. (இனிப்பு அதிகம்.)

ஆ) கதவைத் திறந்த தங்கை, “அக்கா போன மழைக்காலத்திலேயே

இல்லை. இதை எழுத மாட்டேன்.

இ) “ஒனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்பா. தெரியாதுன்னு நீ சொல்லுவேன்னுதான் காத்திருந்தேன்.” (இதுதான் அதிகம் வலிக்கிறது.)

மோகாவுக்கு இரண்டு மணி நேரப் பயணம். முதுகு பேருந்தைத் தாங்காது என்று எழுதினேன். பொய். முதுகு தாங்கும்.

நீங்கள் அந்தப் பக்கம் போகிறவராகத் தெரிகிறீர்கள். இந்தக் கதையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்துவிடுங்கள். கன்னத்தில் குழி விழும், அதுதான் அடையாளம். மேலே குத்தியிருக்கும் அந்தச் சீட்டை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.